லே ஆஃபும் ஆயுதபூஜையும்

மண்ணூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆயுதபூஜை. எதிரே கம்பெனி கேட்டில் வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். வெளியே ஒருவர் பூச்சரமும் குங்குமமுமாக நிற்கிறார். போன மாதம் இங்கே வேலை போனவர். நோட்டீஸில் 'லே ஆஃப்' என்று போட்டிருந்ததாம்.

"கூட வேல செஞ்ச பசங்க 'தூக்கிட்டாங்க'ன்றாங்க. ஊட்ல 'வேலய உட்டு நிறுத்திட்டாங்க'ன்றாங்க. நான் 'லீவு'ன்னுதான் சொல்லிகினு கீறேன் சார். வருசாவருசம் என் லேத்து மிஷினுக்கு நான்தான் பொட்டு வைப்பேன்."

உள்ளே விட அனுமதியில்லை. வாட்ச்மேன் பூவை வாங்கிக்கொண்டு போகிறார்; அதே பூவோடு திரும்புகிறார்.

"உன் லேத்து அங்க இல்ல அண்ணாத்தே. நேத்தே லாரில ஏத்திகினு பூட்டாங்களாம்."

அவர் பூவை வாங்கிப் பைக்குள் வைக்கிறார். என் பஸ் வருகிறது.

"அப்ப லீவு இல்ல சார்," என்கிறார்.