வுனிதோகோ மலைக் கதவு

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை. அமாவாசை, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை எல்லாம் இருந்தால்தான் பேய் என்பவர்களுக்கும் இங்கே வேலையில்லை. எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுவா நகரத்தில், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில், பளீர் வெளிச்சத்தில்.

ஃபிஜி முழுக்க மலை உச்சிகளில் எங்கள் கம்பெனியின் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன அறை, அதற்குள் கருவிகள். பேட்டரி இறங்கினாலும், சூடு ஏறினாலும், அறைக்கதவு திறந்தாலும் சுவாவுக்கு அலாரம் வரும். எங்கள் மேனேஜர் பிரனில் சிட்னிக்குப் போய் ஒரு மென்பொருள் வாங்கி வந்தான். எல்லா அலாரமும் ஒரே திரையில். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் ஆபத்து. தொல்லை கொடுக்கும் இடத்தை ஒரே கிளிக்கில் மியூட் செய்துவிடலாம். அதன்பின் அங்கே என்ன நடந்தாலும் திரை பச்சையாகவே இருக்கும். பிரனிலுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. குரங்கு கையில் பூமாலை!

மலையேறும் டெக்னீஷியன் வேலை தொடங்கும்முன் எங்களுக்கு போன் செய்வான். அவன் கதவு திறப்பதும் கரண்ட் நிறுத்துவதும் அலாரமாக வராமலிருக்க நாங்கள் மியூட் செய்வோம். இறங்கும்போது மறுபடி பேசுவான், எடுத்துவிடுவோம். அவன் பேசாவிட்டால் நாங்கள்தான் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

டெக்னீஷியன்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. போன் கிடைக்காத சமயத்தில் அறைக்கதவை மூன்று முறை திறந்து மூடுவார்கள். 'என்னைக் கூப்பிடு' என்று அர்த்தம். ஜோசெஃபா இதில் மன்னன்.

“மச்சான், கதவ ஆட்டினேனே, தூங்கிட்டியா?” என்பான். ஃபிஜிக்காரன்தான். முறை வைத்து, கிண்டல் செய்வதற்கென்றே என்னை மச்சானாக்கிக்கொண்டவன்.

பிரனிலுக்கு இது ஆகாது. “இது கம்ப்யூட்டர்டா, மேளமில்ல. காட்டுப் பழக்கத்த விடுங்க” என்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிஜிக்காரர்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்த ஷிப்ட் இந்தியர்களான எங்களுக்கு. தீபாவளிக்கு அவர்கள் பார்ப்பார்கள். அன்று நான் மட்டும்தான். பக்கத்து சர்ச்சில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்கப் பச்சை.

மணி 12.40.

ட்ரிங்...

ஒரு சிவப்பு வரி. வுனிதோகோ மலை. கதவு திறப்பு.

மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

மூன்று முறை.

சிரித்துக்கொண்டே ஜோசெஃபாவின் செல்லுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. சரி, மலையில் யார் வேலை என்று பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வுனிதோகோ மியூட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரனில் செய்த மியூட். எடுக்கவே இல்லை.

மியூட்டில் இருக்கும் இடம் சிவப்பாகாது. அலாரம் அடிக்காது.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

பிரனிலைக் கூப்பிட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான்.

“பாஸ், வெள்ளிக்கிழமை வுனிதோகோவுக்கு யாரு போனா?”

“ஜோசெஃபா. எப்பவோ எறங்கியிருப்பான்.”

“எறங்கிட்டேன்னு போன் பண்ணானா?”

“எனக்கென்ன தெரியும்? அஞ்சு மணிக்கு நான் கெளம்பிட்டேன். சென்சார் கெட்டிருக்கும். மியூட் பண்ணு.”

“ஏற்கெனவே மியூட்லதான் இருக்கு பாஸ்.”

“அப்ப இன்னொரு வாட்டி பண்ணு. எனக்குச் சோறு ஆறுது.”

வைத்துவிட்டான். அவனைப் போன்ற ஜென்மத்துக்குச் சோறு ஒரு கேடு.

மலையடி ஊர்த் தலைவரைப் போனில் பிடித்தேன். “அவன் வண்டி வெள்ளிக்கிழமைலேருந்து இங்கதான் நிக்குது” என்றார். “பொண்டாட்டி ஊர்ல இல்லல்ல, எவன் வீட்லயாவது யங்கோனா குடிச்சு மயங்கிக் கெடப்பான்னு விட்டுட்டோம்.”

“ஆள அனுப்புங்கய்யா. ஓடச் சொல்லுங்க.”

பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மலை அறைச் சுவரில் ஒரு போன் உண்டு. அதற்கு அடித்தேன்.

ஒரு முறை மணி அடித்தது... இரண்டாம் முறை...

எடுத்தார்கள்.

காற்றுச் சத்தம். கதவு கிறீச்சிடும் சத்தம்.

“ஜோசெஃபா?”

மூச்சு.

“மச்சான், ஆள் வருது. பொறுத்துக்கோ.”

“இப்ப...” என்றான். அவன் குரல்தான். “இப்ப வலிக்கல மச்சான்.”

லைன் அறுந்தது.

திரையைப் பார்த்தேன்.

எல்லாம் பச்சை.

ஊர்க்காரர்கள் மூன்று மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள். ஜோசெஃபா அறை வாசலில் குப்புறக் கிடந்தான். கோபுர ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. செல்போன் நொறுங்கிப் போயிருந்தது. வாசல்வரை தவழ்ந்து வந்திருக்கிறான், மண்ணில் தடம் இருந்தது. வலது கை கதவின் கீழ்விளிம்பைப் பிடித்தபடி விறைத்திருந்தது. சுவரில் போன் இல்லை. அது ரிப்பேர் என்று கழற்றி அவனே தன் பையில் வைத்திருந்தான்.

உயிர் சனிக்கிழமை இரவே போய்விட்டது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசினான் என்றேன். அவர் எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிரனில் தலைமையகத்துக்கு ‘சென்சார் கோளாறு’ என்று அறிக்கை அனுப்பினான். அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. பேயைவிட எனக்கு அவனைக் கண்டால்தான் அருவருப்பு.

அடுத்த வாரம் நானே மலையேறினேன். திரைக்கு வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய அலாரத்தையெல்லாம் கருவி தன் நினைவில் வைத்திருக்கும். திறந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கியிருந்தது. மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மூன்று முறை. வெள்ளி இரவு முழுக்க. சனிக்கிழமை பகல் முழுக்க. ஒன்றுகூட எங்கள் திரைக்கு வரவில்லை. இருட்டிய பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசித் தடவை மூன்றுகூட இல்லை. இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு திறக்கவே இல்லை.