காடைக்கு உடம்பு சரியில்லை

என் கணவர் இளகிய மனசுக்காரர் என்று வானவடி குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு காடை. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்த புதிதில், நாக்கு செத்துக் கிடக்கிறது, ஒரு காடை வறுவல் சாப்பிட்டால் தேவலை என்று நான்தான் கேட்டேன். கறிக்கடைக்குப் போனவர், கடைக்காரர் கத்தியை எடுத்ததும் மனம் பொறுக்காமல், அதை உயிரோடு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அரைத்து வைத்திருந்த மசாலாவில் உருளைக்கிழங்கைப் போட்டுப் புரட்டினேன்.

காடையைத் தங்கம் என்று கூப்பிடுவார். என்னை 'இங்க பாரு' என்பார். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் பால்கனியில் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். கூண்டு கழுவுவதும் மணல் மாற்றுவதும் என் வேலை. கொஞ்சுவது அவர் பொறுப்பு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலம் அது. சாரல் ஓயவே இல்லை; கூண்டு மணல் காயவே இல்லை. ஒருநாள் காலை கூண்டுக்கு முன் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இங்க பாரு, இறகெல்லாம் உப்பிக்கிட்டு மூலையிலயே நிக்குது. கழுத்தை உள்ள இழுத்துக்கிச்சு. முழி சொருகுது. கம்புத் தீனியத் தொடவே இல்ல. நேத்தே அதுக்கு மூஞ்சி சரியில்ல, நாந்தான் பார்த்தேன்."

காடைக்கு மூஞ்சி சரியில்லாததைக் கண்டுபிடித்த மனிதரை நான் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். சில நாட்களாக எண்ணெய் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டியது. சாயங்காலமானால் குளிர் எடுத்தது. எனக்கு வைத்துக்கொண்ட தட்டு அப்படியே சிங்க்குக்குப் போனது. இவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கிற வழியாகத் தெரியவில்லை.

"எனக்கும் ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றேன்.

"மழைக்கு எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த டார்ச்சை எடு."

எடுத்துக் கொடுத்தேன். எச்சத்தின் மேல் வெளிச்சம் அடித்து, பச்சையும் தண்ணியுமாக இருக்கிறது என்று சொன்னார். குரல் தழுதழுத்தது.

பைக்கில் போகும்போது பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். மிருக டாக்டர் மராத்திக்காரர். ஹிந்தியில்தான் பேச்சு. எனக்கு ஹிந்தி புரியும். பேசுவது காய்கறிக் கடையோடு சரி. டாக்டர் கேட்கக் கேட்க இவர் கடகடவென்று ஒப்பித்தார். எப்போது தீனியை விட்டது, எப்போதிருந்து மணலில் புரள்வதில்லை, எச்சம் முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது. டாக்டரே அசந்துபோனார்.

"பறவைகள் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. நிற்க முடியாமல் போன பிறகுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். நீங்கள் முன்னாலேயே பார்த்துவிட்டீர்கள்" என்றார். ஈர மணலால் வருகிற குடல் நோயாம். இவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டயா? ஈர மணலாமா."

வைத்தியம் முழுக்க என் தலையில் விழுந்தது. மணலைக் கொட்டிவிட்டுக் காய்ந்த மரத்தூள் போட வேண்டும். கூண்டின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு தொங்க வேண்டும், சூடு தேவைப்பட்டால் கிட்டே வரும், போதுமென்றால் தள்ளிப்போகும். மருந்தை வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உள்ளங்கையில் பிடித்து, அலகின் ஓரத்தில் சொட்டாக வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இதையெல்லாம் எனக்குச் செய்து காட்டிவிட்டு அவர் ஆபீஸ் போய்விட்டார். செத்துத் தொலையேன் என்று திட்டிக்கொண்டேதான் மருந்து விட்டேன். ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்டு போய்விட்டது. லோட்ஷெடிங் என்று நிறுத்திவிட்டால் அங்கே கரண்டு லேசில் திரும்பி வராது. பல்பு அணைந்ததும் இவர் பதறிப்போய் இருட்டில் தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். கொடுத்த என் கை அவர் கையில் பட்டது.

"உன்ற கை என்ன இப்படிக் கொதிக்குது?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டுவிட்டாரே. வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"நல்லதாப் போச்சு. தங்கத்தை நீயே மடியில வெச்சுக்க. கரண்டு வர்ற வரைக்கும் சூடு கொறையாம இருக்கும்."

என் சால்வைக்குள் அதைச் செருகி, மேலே தட்டிக் கொடுத்தார். என்னையல்ல, மூட்டையை. அதுவரை அவர் மேல் எனக்கு இருந்தது சலிப்புதான். வெறுக்க ஆரம்பித்தது அந்த நிமிஷம். காடை என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, உப்பியிருந்த இறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டுத் தூங்கிப்போனது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அது கம்பைக் கொத்தியது. அவர் ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவருக்கு டிபன் கட்டினேன்.

அன்று மத்தியானம், எதிர்வீட்டு மராத்திக்காரம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். என்னை வஹினி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கதவைத் திறந்த என் முகத்தைப் பார்த்ததும், "வஹினி, கண் ரெண்டும் மஞ்சளாகக் கிடக்கிறதே" என்று ஹிந்தியில் சொன்னாள். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இவர் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

மஞ்சள் காமாலை. முற்றிப்போயிருந்தது. இவர் வந்து சேர்ந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா காகிதத்தோடு அவர் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தார். காய்ச்சல் எப்போதிலிருந்து? வாந்தி உண்டா? சிறுநீர் என்ன நிறம்? கடைசியாக எப்போது சாப்பிட்டார்? ஒவ்வொரு கேள்விக்கும் இவர் என் முகத்தைப் பார்த்தார். என்னால் பேச முடியும். வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. சொல்லட்டும் என்று கிடந்தேன்.

"இவ எங்கிட்ட எதுவுமே சொல்லல, டாக்டர்" என்றார் ஹிந்தியில்.

"காடை உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா?" என்று தமிழில் சத்தமாகவே கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று அவரிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஜுரத்துல என்னமோ உளர்றா" என்று அவர் ஹிந்தியில் மாற்றிச் சொன்னார்.

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.