அக்கா மேனேஜரை அடித்தாள்

என் அக்கா துறைமுகத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் முகம் பிடிப்பதுதான் பிழைப்பு. ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, சீப்பு தொங்கும் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கடை. யார் வந்து உட்கார்ந்தாலும் “ஆடாதீங்க” என்பாள். கப்பல் கேப்டனுக்கும் அதேதான், கைக்குழந்தைக்கும் அதேதான். அதனால் தெருவே அவளை ‘ஆடாதே அக்கா’ என்று கூப்பிடுகிறது. நான் கூப்பிட்டால் மட்டும் உதைப்பாள்.

குழந்தைகள் காமிராவைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், மோதிரத்தால் காமிராவில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக், டக். எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியும் திரும்பிப் பார்த்துவிடும்.

கடைக்கு விடுமுறை என்றால் அவள் கடலுக்குள் இருப்பாள். முதுகில் காற்று சிலிண்டர், கையில் தண்ணீர் புகாத பெட்டிக்குள் காமிரா. மீனையும் ஆமையையும் படம் பிடிப்பாள். படகு என்னுடையது. படகுக்காரத் தம்பி என்று ஒருத்தன் வாய்த்துவிட்டால் அக்காமார்களுக்குக் கேட்கவா வேண்டும்? எனக்கு ஒரு விடுமுறையும் விடுமுறையாக இருந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வேலை தெரிந்தவள். மற்றவர்கள் மீனைத் துரத்திக்கொண்டு போய் எடுப்பார்கள். இவள் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு கிடப்பாள். “அதுவா வரணும்டா. துரத்தினா வாலுதான் கிடைக்கும். வாலைப் பிடிக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?” என்பாள். இன்னொரு கண்டிப்பும் உண்டு. படத்தில் பாறையோ பள்ளமோ எதுவும் தெரியக்கூடாது. கீழே இருந்து அண்ணாந்து எடுப்பாள், பின்னால் வெறும் நீலம்தான் இருக்கும். அடையாளம் தெரிந்தால் அடுத்த நாளே எவனாவது தூண்டிலோடு போய் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

கரையிலிருந்து சற்று தள்ளி, மூச்சடக்கி முங்கினால் எட்டும் ஆழத்தில் ஒரு பழைய இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள்தான் மேனேஜர் குடியிருந்தார். மேனேஜர் என்பது ஒரு கலவா மீன். என் உயரம் இருக்கும், என்னைவிடப் பருமன். தடித்த உதடு, எதிலும் திருப்தி இல்லாத முகம். ஆள் ஆடாமல் கிடந்தால் மெதுவாக வெளியே வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். அந்தத் தோரணைக்காக நான் வைத்த பெயர்தான் அது.

அந்தப் பார்வையை மாற்ற அக்காவுக்கு வருடக் கணக்கானது. போவாள், படுப்பாள், வெறுங்கையோடு வருவாள். பிறகு ஒரு நாள் அது அவள் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அதே மோதிரத்தால் காமிராப் பெட்டியில் டக், டக் என்று தட்டினாலே போதும், கூப்பிட்ட பிள்ளை மாதிரி வந்துவிடும். பெட்டிக் கண்ணாடியில் உதட்டை வைத்து உரசும். படகில் ஏறியதும் அக்கா அதைப் பற்றித்தான் பேசுவாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் காதில் விழாது, மேனேஜர் இன்றைக்குக் கொஞ்சம் இளைத்திருந்தார் என்பாள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் கிடைத்தது. இழுவைப் படகின் மாலுமி அறை ஜன்னலில், ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைப் போல மேனேஜர் எட்டிப் பார்க்கிறார். பார்த்தவன் எவனும் சிரிக்காமல் இருக்க முடியாது. அதைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டினாள்.

“ஜன்னல் தெரியுதேக்கா. வெட்டிடேன்” என்றேன்.

“வெட்டினா அது வெறும் மீன்டா. ஜன்னலோட இருந்தாத்தான் மேனேஜர்” என்றாள். இத்தனை வருடக் கண்டிப்பு அந்த ஒரு ஜன்னலில் போயிற்று.

ஈட்டித் துப்பாக்கியோடு முங்கி மீன் வேட்டையாடும் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மாதக் கடைசியில் அவர்களுக்குப் போட்டி. எடை அதிகமான மீனைக் கொண்டுவருகிறவனுக்குக் கோப்பை. போட்டிக்கான அடையாள அட்டைக்கு முகம் பிடிக்க ஜிம் நடத்தும் ஒருவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்கா “ஆடாதீங்க” என்றாள். அவன் கண் அவள் தலைக்கு மேலே சுவருக்குப் போயிற்று.

“அக்கா, இது அந்த இழுவைப் படகு ஜன்னல்தானே? எத்தனை தடவை அதுக்கு மேலயே போயிருக்கோம். இவ்வளவு பெருசா ஒண்ணு உள்ள இருக்கிறது தெரியாம போச்சே.”

“இல்ல தம்பி, அது வேற இடம்” என்றாள் அக்கா. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். காது வரைக்கும் சிவந்துபோயிற்று.

அவன் எழுந்து போனில் சுவரைப் படம் பிடித்துக்கொண்டான். மறுநாள் அட்டை வாங்க வந்தபோது அக்கா அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் உண்மையாகவே சங்கடப்பட்டான். “நான் விட்டுடுவேன்க்கா. ஆனா குரூப்ல போட்டுட்டேனே. மத்தவன் விடமாட்டான்” என்றான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

மீன்துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். “இந்த மீனைப் பிடிக்கத் தடை இல்லையேம்மா. தடையில்லாததை நான் எப்படித் தடுக்கிறது?”

அக்கா சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஈட்டியோடு எவன் இறங்கினாலும் மேனேஜர் உள்ளே ஓடப் போவதில்லை. நேரே வந்து உதட்டை நீட்டும். அப்படிப் பழக்கியவள் அவள்தான். அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், குடை விளக்கின் இரும்புக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு படகுக்கு வந்தாள்.

“இது எதுக்குக்கா?”

“அடிக்க.”

விளங்க எனக்குக் கொஞ்ச நேரமானது. “நீ போகாத. குடு, நானே அடிச்சுட்டு வரேன்” என்றேன்.

“நீ அடிச்சா உன்னைக் கண்டா மட்டும்தான் ஓடும். என்னைக் கண்டு ஓடணும்டா. என்னையே நம்பாத மீன் வேற எவனை நம்பும்?”

தண்ணீர் தெளிவாக இருந்தது. நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே குப்புற மிதந்தபடி பார்த்தேன். அக்கா கம்பியால் சிலிண்டரில் தட்டினாள். டக், டக். மேனேஜர் வந்தார். பக்கத்தில் வந்ததும் அக்கா கம்பியை விலாவில் குத்தினாள். அது திடுக்கிட்டு விலகியது, ஆனால் ஓடவில்லை. சற்று தள்ளி நின்று அவளையே பார்த்தது. பிறகு மறுபடியும் வந்தது.

மறுபடியும் குத்தினாள். மறுபடியும் வந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

படகில் ஏறியதும் கத்தினேன். “கூப்பிட்டுக் கூப்பிட்டு அடிக்கிறியே, உனக்கு நெஞ்சு கல்லா?”

“கூப்பிடாம எப்படிடா கிட்ட வரும்?” என்றாள். கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். வாடிக்கையாளர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். இவள் வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து அடிக்கிறாள் என்பது மேலே இருந்தே தெரிந்தது. அடிக்கு அப்புறம் மேனேஜர் தயங்கும், யோசிக்கும், ஆனாலும் வரும். நாள் நெருங்க நெருங்க அவளுக்கு வெறி பிடித்தது. போட்டிக்கு முந்தின நாள், பக்கத்தில் வந்த அதன் முகத்திலேயே ஓங்கி அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் தண்ணீரில் பச்சையாகப் பரவியது. ஆழத்தில் ரத்தம் பச்சையாகத்தான் தெரியும் என்று அவள்தான் எனக்கு முன்பு சொல்லியிருந்தாள். மேனேஜர் ஒரே உதறலில் ஜன்னலுக்குள் போய் மறைந்தது. அக்கா தட்டினாள். வரவில்லை. மறுபடியும் தட்டினாள். அப்போதும் வரவில்லை.

மேலே வந்தவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

போட்டியன்று இருவரும் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். கடலைப் பார்க்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. சாயங்காலம் ஜிம்காரன் கதவைத் தட்டினான். அக்கா எழுந்து நின்றாள்.

“வேற யாருக்கோ கோப்பை போச்சுக்கா. அந்த இழுவைப் படகுல ஒண்ணும் கிடைக்கல. எங்க ஆள் தலையைக் காட்டினதுமே உள்ள ஏதோ பெருசா ஓடுச்சாம். நாலு பேர் மாத்தி மாத்தி முங்கினாங்க, வெளியவே வரல” என்றான். பிறகு, “வந்து சொல்லணும்னு தோணுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் சந்தோஷம்தான், மடையன்.

சில வாரம் கழித்துக் காமிராவோடு கிளம்பினாள். கம்பி இல்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே? வழக்கமான இடத்தில், வழக்கம்போல மணலில் குப்புறப் படுத்தாள். நான் மேலே மிதந்தேன். வெகுநேரம் கழித்து மேனேஜர் ஜன்னலில் பாதி உடம்பு தெரிய வந்தது. உதட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு. அக்கா மோதிரத்தால் பெட்டியில் மெதுவாகத் தட்டினாள்.

சத்தம் கேட்ட கணமே அது திரும்பி உள்ளே பாய்ந்தது. இழுவைப் படகின் அடிப்பக்கத்துச் சேறு புகைபோல எழும்பியது. அக்கா காற்று தீரும்வரை அங்கேயே படுத்திருந்தாள்.

மேலே வந்தவளை இழுத்துப் படகில் போட்டேன். முகக் கண்ணாடியைக் கழற்றவில்லை. உள்ளே பாதிக்குத் தண்ணீர் நின்றது, கடல் தண்ணீர் இல்லை.

“ஓடிட்டானா?” என்று கேட்டேன், பார்த்திருந்தும்.

“என் சத்தம் அவனுக்கு நல்லா தெரியுதுடா” என்றாள். “வேற யாரோன்னு நினைச்சு ஓடல.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜிம்காரன் மேலா, அதிகாரி மேலா, அந்த ஜன்னல் மேலா, இவள் மேலா என்று தெரியவில்லை. மோட்டாரைக் கிளப்பினேன்.

சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். கடை வழக்கம்போல நடக்கிறது, ‘ஆடாதீங்க’வும் அப்படியே இருக்கிறது. மோதிரத்தை மட்டும் கழற்றி டிராயரில் போட்டுவிட்டாள். குழந்தைகள் யாராவது ஸ்டூலில் உட்கார்ந்து அடம் பிடித்தால், “நீ கூப்பிடுடா” என்கிறாள். நான் அவள் பின்னால் நின்று கைதட்டுகிறேன்.