நோராவுக்குத் தமிழ், பாட்ரிக்குக்கு இந்தி

போன செவ்வாய்க்கிழமை வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரம் புதுசாக ஒரு ஊர்ப்பெயர் போர்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே தமிழ். கீழே இங்கிலீஷ்.

எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஆரம்பித்துவிட்டார்கள்.

"இங்கிலீஷு இன்னாத்துக்குங்க? நம்ம ஊரு பேரை நாம படிச்சா போதாதா?"

"வெளியூர்க்காரன் வர்றான், வெள்ளைக்காரன் வர்றான்... அவன் எதைப் பார்த்துப் போவான்?"

"வாய் இருக்குதுல்ல, கேட்டுக்குனு போவட்டும்."

அதில் ஒருவர் என் முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார். சடாரென்று திரும்பி, "சார், வாராவாரம் எழுதறவர்தானே நீங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

ரேஷன் சர்க்கரையிலிருந்து கிரிக்கெட் வரை எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. இதே சண்டை என் வீட்டிலேயே நடந்திருக்கிறது. சண்டை போட்டவர்கள் நம்ம ஊர்க்காரர்கள் இல்லை... அயர்லாந்துக்காரர்கள்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு ரூம் போட்டு, ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அப்படி வந்தவர்கள்தான் நோராவும் பாட்ரிக்கும். தங்கை, அண்ணன். இரண்டு பேருக்கும் அறுபது வயசு பக்கம். நோரா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்ரிக் லாரி டிரைவர். மனைவி அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார்.

"இவளைத் தனியா அனுப்ப மனசு வரலை, அதான் கூட வந்தேன்" என்று பாட்ரிக் என்னிடம் சொன்னார்.

"அவனைத் தனியா விட்டுட்டு வர மனசு வரலை, அதான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்று நோரா என் மனைவியிடம் சொன்னார்.

அண்ணன் தங்கை என்றால் அப்படித்தானே?

நோரா காலையில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். பாட்ரிக் எதிரே இருக்கிற முனுசாமி டீக்கடையில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைப் பார்ப்பார். அவரவருக்கு அவரவர் தியானம். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் கீழே வந்து எங்களோடு காபி சாப்பிடுவார்கள். என் மனைவி சுலோச்சனாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். வராத இடத்தில் கை பேசும். நான் மொழிபெயர்ப்பாளன்.

ஒரு நாள் அந்தக் காபி நேரத்தில்தான் வந்தது வினை.

அவர்கள் ஊரில் ரோட்டு போர்டுகளில் இரண்டு பாஷை இருக்கும் என்று நோரா சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஐரிஷ், சாய்ந்த சின்ன எழுத்தில். கீழே இங்கிலீஷ், பெரிய எழுத்தில்.

"மேல உங்க பாஷை, கீழ இங்கிலீஷா? பரவால்லையே" என்றாள் சுலோச்சனா.

"ஆனா மேல இருக்கிறதை எடுத்துடணும்னு சில பேர் பேசறாங்க. படிக்கிறவங்க கம்மியாம்."

பாட்ரிக் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தச் சில பேர்ல நானும் ஒருத்தன்."

நோரா திரும்பிப் பார்த்தார். இது அவருக்கே புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

"மழையில, பனியில லாரி ஓட்டிப் பாரு. போர்டு கண்ணுல படறதே ஒரு நொடி. அதுல பாதி இடத்தை யாரும் படிக்காத பாஷை அடைச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துட்டா என்ன குறைஞ்சுடும்?"

"எடுக்கறதுன்னா இங்கிலீஷை எடுக்கலாம்."

"எடுத்துட்டு? மொத்த நாடும் வழி தவறிப் போகட்டுமா?"

அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம் பாட்ரிக் தன் உள்ளங்கைகளை விரித்து எங்களிடம் காட்டினார். பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் வாத்தியார் ஒவ்வொரு தப்பு வார்த்தைக்கும் ஒரு அடி கொடுப்பாராம். வீட்டில் பேச ஆள் இல்லாத பாஷை, எங்கிருந்து வரும்? கடைசிப் பரீட்சையில் மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். ஐரிஷில் ஃபெயில். அதில் ஃபெயில் என்றால் அந்த நாளில் மொத்தமும் ஃபெயில். தபாலாபீஸ் வேலை மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது... போச்சு.

"அந்தப் பாஷை எனக்குக் கொடுத்தது லாரி ஸ்டியரிங். அது போர்டுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

காலேஜ் நாளில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தினவன் நான். கட்டாயப் பாடம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ரத்தம் சூடாகிவிடும். "புரியுது சார். எங்களுக்கு இந்தி மாதிரி, உங்களுக்கு ஐரிஷ்" என்றேன்.

பாட்ரிக் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நோரா மிச்சக் காபியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

"என்னங்க நீங்க... நடுவுல பூந்து நாட்டாமை பண்ணச் சொல்லி யாரு கேட்டாங்க?" என்றாள் சுலோச்சனா.

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. நோரா காபிக்கு மூன்றரைக்கே வந்துவிடுவார். பாட்ரிக் நாலரைக்கு. "குடை என் ரூம்ல இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிடு, சுலோ." "குடை வேணாம்னு அவகிட்ட சொல்லிடும்மா." பக்கத்துப் பக்கத்து ரூம். நடுவில் ஒரு சுவர். தூது என் மனைவி.

விஷயம் டீக்கடைக்கும் போனது. அங்கே இரண்டு கட்சி. முனுசாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், எனக்கு ஒண்ணு புரியலை. அவங்க நாட்டு பாஷைன்ற. அப்ப அது அவங்களுக்குத் தமிழு. அப்பால இந்தின்னு நீயே சொன்னியாமே?"

நியாயமான கேள்வி. பதிலைக் கொண்டுவந்தது சுலோச்சனா. நோராவோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்: "ஒரே வயித்துல பிறந்தவங்க நீங்க. உங்களுக்கு மட்டும் எப்படிப் பேச வருது? அவருக்கு ஏன் வரலை?"

நோரா சொன்னாராம். அவர்கள் சின்னக் குழந்தைகளாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பா டவுனில் வேலை பார்த்தவர். பையனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். கைக்குழந்தையான நோராவை அம்மா பிறந்த கிராமத்துக்கு, சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கிராமத்தில் எல்லோரும் பேசுவது ஐரிஷ்தான். சித்தி சோறு ஊட்டினதும், தூங்க வைத்ததும் அதில்தான். அங்கே அதை யாரும் யாருக்கும் 'கற்றுக்கொடுக்கவில்லை'.

அதாவது, தங்கைக்கு அந்தப் பாஷை சித்தி கையிலிருந்து வந்தது. அண்ணனுக்கு வாத்தியார் கையிலிருந்து. பாஷை என்னவோ ஒன்றுதான்... கை வேறே. தங்கைக்கு அது தமிழ். அண்ணனுக்கு இந்தி. யாரைத் தப்புச் சொல்வீர்கள்?

இதை பாட்ரிக்கிடம் எடுத்துச் சொல்லலாம் என்று நான் மாடிக்குப் போனபோது, அவர் துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போகிறாராம். அங்கிருந்து ஊருக்கு. தனியாக.

"நோராகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்க மனைவி சொல்லிடுவாங்க" என்றார்.

சுலோச்சனாவிடம் சொன்னேன். "இந்த வயசுல கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சா, மறுபடி எப்ப சேருவாங்க? சேர்ந்து பார்க்க நாள் கிடைக்கணுமே" என்றாள். மறுநாள் காலையில் தானே மாடி ஏறினாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அண்ணன் வீட்டில் வேர்க்கடலை பிடுங்குகிறார்கள், ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று பாட்ரிக்கிடம் சொன்னாள். அதையே அடுத்த ரூமில் நோராவிடமும் சொன்னாள். இன்னொருத்தரும் வருகிறார் என்பதை இரண்டு ரூமிலும் சொல்லவில்லை.

நாங்கள் ஆளுக்கொருத்தராகத் தனித்தனியே கூட்டிக்கொண்டு போனதால், பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்துக்கொண்டார்கள். நோரா சுலோச்சனா பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தார். பாட்ரிக் என் பக்கத்தில் கடைசியில்.

பாதி வழியில் பஸ் பங்க்சர்.

எல்லோரும் இறங்கினோம். பாட்ரிக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் ஜாக்கியைப் பிடித்தார். டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. சக்கரம் மட்டும் கழன்று வந்துவிட்டது. ஸ்டெப்னி மாட்டுகிற சமயத்தில் கிளீனர், "நீங்க போய் உக்காருங்க பெரியவரே" என்று கையைக் காட்ட, பாட்ரிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தார். அங்கே ஒரு பழைய மைல்கல், பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அதில் உட்காரப் போனவர், உட்காராமல் குனிந்து பார்த்தார். புல்லை விலக்கினார்.

"ட்ரினாமலி... இது எந்த ஊர்?"

"நம்ம ஊர்தான்" என்றேன். "திருவண்ணாமலை. வெள்ளைக்காரன் வாயில நுழையலை. அவனுக்கு வந்த மாதிரி எழுதி வச்சுட்டான்."

"ட்ரினாமலின்னா என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லை."

"நீங்க சொல்ற பேருக்கு?"

"அண்ணாமலைன்னா அண்ண முடியாத மலை. யாரும் கிட்ட நெருங்க முடியாத மலைன்னு சொல்வாங்க. திரு, மரியாதைக்கு."

அவர் திரும்பினார். அங்கிருந்து பார்த்தாலும் மலை தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மைல்கல்லில் மலையே இல்லை... வெறும் மலி.

நோரா பத்தடி தள்ளி, சுலோச்சனாவோடு நின்றுகொண்டிருந்தார். பாட்ரிக் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"நோரா."

அந்த வாரத்தில் முதல் தடவை.

"அம்மா ஊரு... நாக்நஸ்கீஹா. அதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு விளக்குகிற மாதிரி என் பக்கம் திரும்பினார். "அந்த வழியா எத்தனையோ தடவை லாரி ஓட்டிப் போயிருக்கேன். இங்கிலீஷ்ல நாக்னு ஆரம்பிக்கும். நாக்னா கதவைத் தட்டறது. சின்ன வயசுல, அந்த ஊர்ல எல்லாரும் கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன்."

நோரா சிரிக்கவில்லை. கிட்டே வந்தார்.

"குன்று" என்றார். "அந்த வார்த்தைக்கு ஐரிஷ்ல குன்றுன்னு அர்த்தம். முள்மரக் குன்று. சித்தி வீட்டுக்குப் பின்னால இருக்கு. வெள்ளையா பூக்கும்."

"அந்த மரம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"போர்டுல மேல எழுதியிருக்கே... அதை எப்படிச் சொல்லணும்?"

நோரா சொன்னார். தொண்டையிலிருந்து கிளம்பி மூச்சாக முடிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அதை எழுதிக் காட்டத் தெரியவில்லை. பாட்ரிக் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்.

"அம்மா இப்படித்தான் சொல்லுவாங்களா?"

"அம்மா சொல்லி நான் கேட்டது இல்லை. சித்தி இப்படித்தான் சொல்லுவா. அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்கணும்."

பாட்ரிக் தானும் சொல்லிப் பார்த்தார். எனக்கே தெரிந்தது, நோரா சொன்ன மாதிரி இல்லை என்று. நாற்பது வருஷம் பிள்ளைகளைத் திருத்தின டீச்சர், அன்றைக்குத் திருத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சுலோச்சனா என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "வாங்க, டயரு மாட்டியாச்சான்னு பார்க்கலாம்." டயர் எப்போதோ மாட்டியாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ஏறும்போது அண்ணனும் தங்கையும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு நிம்மதி. பஸ் ஒரு மைல் போயிருக்காது... பின்னாலிருந்து பாட்ரிக் குரல்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா இங்கிலீஷ் எழுத்துதான் பெரிசா இருக்கணும். நான் லாரி ஓட்டினவன், எனக்குத் தெரியும்."

"ரெண்டும் ஒரே சைஸ்."

"ஒரே சைஸ்னா ரெண்டையும் படிக்க முடியாது."

"படிக்கக் கத்துக்கோ."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சுலோச்சனா கண்டக்டரிடம், "சண்டை இல்லைங்க, பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பாட்ரிக் மெட்ராஸ் போகவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வெயில் தாங்கமுடியாமல் போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள், ஆட்டோவில் ஏறும்போதும் எழுத்து சைஸைப் பற்றிப் பேசிக்கொண்டே.

ரோட்டு போர்டில் எழுதுவது வழி தெரியாதவனுக்காக. அதில் சந்தேகமில்லை. ஆனால் வழி தெரியாதவன் எப்போதும் வெளியூர்க்காரன்தான் என்று யார் சொன்னது? சொந்த அம்மா ஊருக்கே வழி தெரியாமல், அந்த போர்டைத் தாண்டித் தாண்டி ஒருத்தர் வாழ்நாள் பூரா லாரி ஓட்டியிருக்கிறாரே...

அன்றைக்குச் சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் பாட்ரிக் ஒவ்வொரு போர்டாகக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்? இதுக்கு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு, எனக்கு அர்த்தம் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

மீதிப் பாதிக்கு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். பாவம், அயர்லாந்தில் அதை இப்போது யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.