இரண்டு பித்தளைப் பக்கிள்கள்

புளியும் செங்கல்பொடியும் சேர்த்துப் பித்தளையைத் தேய்க்கும்போது மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு புளித்த வாடை வரும். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் செந்துறையில் எங்கள் கொல்லை முழுக்க அந்த வாடைதான். ராணுவத்தில் இருந்த அப்பா அங்கேயே காய்ச்சலில் இறந்து, அவருடைய "டிரங்குப் பெட்டி" வீடு வந்து சேர்ந்த வருஷம், அம்மா குத்துவிளக்கோடும் மணியோடும் அப்பாவின் பெல்ட் பக்கிளையும் கழற்றித் தேய்த்தாள். எங்களோடு இருந்த அவள் தம்பியின் பக்கிளையும் கூடவே சேர்த்துக்கொண்டாள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது உயரம் போதாமல் திரும்பிய மாமா, அதே சின்னம் போட்டதாக அரியலூர் கடைத்தெருவில் வாங்கிய போலி அது. கழுவிக் காயவைத்தபோது இரண்டும் ஒன்றுபோல மின்னின. எது அப்பாவுடையது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

போலி என்றால் இரும்பில் முலாம் பூசியிருப்பான் என்று சொல்லி மாமா காந்தத்தை வைத்துப் பார்த்தார். இரண்டுமே ஒட்டவில்லை. தெருக்கோடியில் இருந்த "மிலிட்டரிக்காரர்" வந்து இரண்டையும் பின்பக்கம் திருப்பினார். ஒரிஜினலில் அங்கேதான் மேலாக எழுத்து அடித்திருக்குமாம்; இரண்டிலும் ஒன்றுமில்லை. பட்டாளத்தில் முகப்பை மட்டுமே மெருகேற்றுவார்களாம்.

"பின்னாடியுமா தேச்ச?"

"அழுக்கோட எப்படிங்கண்ணே சாமிகிட்ட வைக்கிறது?" என்றாள் அம்மா. கறை போகவில்லை என்று அவள் மணலும் போட்டுத் தேய்த்திருந்தாள்.

அவர் விளிம்பைத் தடவி ஒன்றை ஒரிஜினல் என்றார். மாமா மற்றதுதான் என்று சாதித்தார். பேச்சு முற்றியபோது மாமா சொன்னார்: "ரெண்டையும் போட்டோ முன்னாடி வையிக்கா. மச்சான் அவருத எடுத்துக்கட்டும்." அம்மா சிரிக்கவில்லை. ஆனால் இரண்டையும்தான் வைத்தாள். அதன்பிறகு மாமா பெல்ட்டே போடவில்லை. இறங்கும் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவளை என்ன சொல்லித் திட்டுவது? இப்போது என் வீட்டுப் பாத்திரங்களை நானும் இருபுறமும்தான் தேய்க்கிறேன். அது சரியா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன்.

பெரம்பலூரில் இருக்கும் என் வீட்டு அலமாரியில் இன்று அந்தப் பக்கிள்கள் மட்டும் இருக்கின்றன. பெல்ட் துணி இற்றுப்போய்விட்டது, டிரங்குப் பெட்டி துருவேறிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போன வாரம் என் மகள் அவற்றை எடுத்துவந்து, "தாத்தாவோடது எதும்மா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவாகிவிட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டுமே. ஒன்றைக் காட்டி, "இதுதான், கனமா இருக்கும் பாரு" என்றேன்.

அவள் கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்தாள். "இல்லம்மா, அதுதான் கனம்."

அவளை விளையாட அனுப்பிவிட்டு நானும் தூக்கிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. கை மாற்றித் தூக்கினேன். இப்போது மற்றது கனத்தது.