விருந்தில் எரிந்த விறகு

அந்த வேலை கிடைத்ததில் நவமணிக்கே ஆச்சரியம்தான். அதிகம் பேசமாட்டாள். படிப்பும் தோட்டத்துப் பள்ளியோடு நின்றுபோனது. சுங்கை சிப்புட் பக்கம் அவள் பால் வெட்டிய ரப்பர் மரங்களை, எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காகச் சாய்க்கத் தொடங்கியபோது, புருஷன் பழனியப்பனோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஓர் அறை எடுத்துக் குடியேறினாள். ஓர் ஆய்வு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் அங்கே அதிகாரியாக இருந்த, யாழ்ப்பாணத்து வழிவந்த சாரதாதேவி அவளைக் கூப்பிட்டார்.

"லயத்து வீடுகளுக்குள்ள போய் விறகு நிறுக்க ஒரு ஆள் வேணும். உம்மால ஏலுமோ?"

"ஏலும் மேடம்" என்றாள் நவமணி, என்ன வேலை என்று முழுதாகப் புரிவதற்கு முன்பே.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதிலும் ஓராண்டில் என்னென்ன எரிகிறது, அதிலிருந்து எவ்வளவு கரியமில வாயு மேலே போகிறது என்று அந்த அலுவலகம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. லாரி குடிக்கும் டீசலுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் ஏதோ ஒரு பதிவு இருந்தது. அடுப்புக்கு மட்டும் எதுவும் இல்லை. எனவே, வீட்டுக்கு ஒரு கட்டு விறகை நிறுத்து வைத்துவிட்டு வரவேண்டும். மறுநாள் போய் மிச்சத்தை நிறுக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ, அதுவே அந்த வீட்டின் ஒரு நாள் நெருப்பு.

சாரதாதேவி கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். "இந்த வருசம்தான் எங்களுக்குக் கால். இதிலே ஊன்றித்தான் இரண்டாயிரமாம் ஆண்டு வரைக்கும் கோடு இழுக்கப்போறம். கால் பிழைச்சால் கோடு முழுக்கப் பிழை. விளங்குதோ?"

விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. வேலை தற்காலிகம். மாதக் கடைசியில் அறிக்கை கோலாலம்பூருக்குப் போனதும், நவமணியை நிரந்தரமாக்கச் சொல்லி மேடம் எழுதுவார். அதன்பிறகு துடைப்பத்தைத் தொட வேண்டாம்.

தன் பழைய தோட்டத்துக்கே முதலில் போனாள். அங்கே தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் சிலவற்றில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். சாய்த்த ரப்பர் மரங்கள் கட்டைகளாகக் கிடந்ததால் விறகுக்குப் பஞ்சமில்லை. வீடு வீடாகத் தொங்குதராசோடு நுழைந்தாள். எல்லா வீட்டிலும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். நிறைவாக இருந்தது. வேலை கடகடவென்று நடந்து, கடைசி வரிசைக்கும் வந்துவிட்டாள்.

அந்த வரிசையில் மாரியம்மா வீடு. ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் இவளோடு பால் வெட்டியவள். மறுநாள் நவமணி மிச்சத்தை நிறுக்கப் போனபோது அங்கே மிச்சமே இல்லை.

"எல்லாத்தையும் எரிச்சிட்டியா மாரியம்மாக்கா?"

"பின்னே? மிச்சத்த நீ திரும்பத் தராசுலே தூக்கிக்கிட்டு நிக்கவா? அதான் எல்லாருக்கும் சுடுதண்ணி போட்டுட்டேன் லா. உனக்குக் கோழிக் கறி, இடியப்பம், பாயாசம். மூணு அடுப்பு பத்தலே!"

பக்கத்து வாசலிலிருந்து முத்தம்மா குரல் கொடுத்தாள். "நவமணி, எங்க வூட்டுக்கு எப்ப வாரே? ஒன்னாலே இந்த லயத்துலே ஒரு கோழி மிச்சமில்லே. இன்னொரு தடவ வந்தீன்னா வாத்தத்தான் அடிக்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நவமணியும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இத்தனை நாள் அவள் நிறுத்தது லயத்துச் சமையலையே அல்ல. நவமணி வந்த நாளின் சமையலை. தன் வருகையைத் தானே நிறுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சொன்னபோது பழனியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"விறகுப் புகையைப் போயி யாரு அளக்க வரப்போறா? இருக்கிற கணக்கக் குடுத்துட்டு நிரந்தர வேலையை வாங்குவியா, அத விட்டுட்டு..."

"பத்து வருசத்துக்கு மேல கோடு இழுக்கப்போறாங்க. விருந்துச் சாப்பாட்ட வச்சா இழுக்கிறது?"

காலையில் மேடத்திடம் சொன்னாள். சாரதாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கும் இது தோன்றவில்லை, பாரும். ஆனால் திரும்ப நிறுக்கப்போனால் அறிக்கை பிந்தும். பிந்தினால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதினாலும் எடுபடாது. யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சிட்டேன் மேடம். திரும்பப் போறேன்."

போவது எளிது. சாப்பிடாமல் வருவதுதான் கஷ்டம். தேநீர் வேண்டாம் என்றால் மைலோ வந்தது. மைலோ வேண்டாம் என்றால் அவசரமாக வடைச் சட்டியை ஏற்றினார்கள். மறுக்க மறுக்க அடுப்பு கூடுதலாக எரிந்தது. மாரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டவுனுக்குப் போயிட்டா எங்க வூட்டுத் தண்ணி எறங்காது போல."

அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. ஆனால் நவமணி விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். வேலை ஒழுங்காக முடியும்வரை வெளிவீட்டில் அடுப்பேற்றிய எதையும் வாயில் வைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டாள். பொய்க்குக் கட்டவில்லை, மனதாரவே கட்டினாள்.

காப்பைக் கண்டதும் லயம் அடங்கிவிட்டது. விரதக்காரியிடம் யார் வற்புறுத்துவார்கள்? "ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டிருக்கா, விடுங்க" என்று மாரியம்மாவே மற்றவர்களை அதட்டினாள். நவமணி வாசலோடு நின்று விறகை நிறுத்தாள். கொண்டுபோன புட்டியிலிருந்து தண்ணீர் குடித்தாள். "வழக்கமா எரிக்கிறத மட்டும் எரிங்கக்கா. மிச்சத்தத் தூக்குறது என் வேலை" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். உள்ளேயிருந்து கருவாட்டு வாசனை வந்தபோது வாசற்படியில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

புதிய கணக்கு பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. சாரதாதேவி முதலில் வைத்த புள்ளியை அழித்துவிட்டுக் கீழே இறக்கி வைத்தார். அங்கிருந்து இழுத்த கோடும் தாழ்ந்தே ஓடியது. செம்பனை வளர்ந்து கட்டை தீர்ந்தபின் அடுப்பெல்லாம் எரிவாயுவுக்கு மாறுமே என்று, அதற்காகக் கீழே ஒரு புள்ளிக்கோடும் போட்டார்.

அறிக்கை பிந்தித்தான் போனது. நிரந்தர வேலைக்கான இடத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். நவமணிக்கு இன்னும் ஓராண்டுத் தற்காலிகம் கிடைத்தது.

"போதுமா?" என்று கேட்டான் பழனியப்பன்.

"வேலை இருக்கில்ல. அடுத்த வருசம் திரும்பக் கேப்பேன். அவங்க குடுக்கிற வரைக்கும் கேப்பேன்" என்று தராசைத் துடைத்துப் பையில் வைத்தாள். அடுத்தது கடலோரத்துப் பாகான் டத்தோ, தென்னை மட்டை எரிக்கிற வீடுகள். அங்கே அவளை ஒருவருக்கும் தெரியாது. அதுவே பாதி நிம்மதி. மீறி யாராவது உபசரித்தால் இளநீர் கேட்டு வாங்கிக் குடிக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.