இரண்டு தூக்குவாளி மண்

எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போவதில்லை. காய்கறித் தோலும் அப்படித்தான். எட்டு வயதில், போடி வெயிலில், நான் ஏலக்காய் நட்ட வருடம் தொடங்கிய பழக்கம் அது.

அம்மாவுக்கு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. விடியும் முன்பே, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் மாமாவின் ஜீப்பு தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அம்மா சோற்றுத் தூக்குவாளியோடு ஓடுவாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

ஒரு நாள் மாமா, தோட்டத்து ஓரத்தில் பிடுங்கிக் கிடந்த ஏலக்காய்த் தூர் ஒன்றை எனக்காகக் கொண்டுவந்தார். இலை முழுக்க மெல்லிய மஞ்சள் கோடுகள். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் அழகாக இருந்தன. அம்மா ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

"போடியில ஏலம் வச்ச மொத ஆளு எங்க ஆத்தாதான்," என்றார் மாமா, என் தலையைத் தட்டி. "காச்சா மாமனுக்கு ஒரு டீக்காவது கொடு."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. மாமா போன பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன், மலையில் மட்டும் அது எப்படி வளருகிறது என்று.

"அங்க நெழலு இருக்கு, ஈரம் இருக்கு, மக்குன மண்ணு இருக்கு. குளிரு இருக்கு," என்றாள்.

அவ்வளவுதானே என்று நினைத்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் நட்டு, நான்கு குச்சி ஊன்றி அம்மாவின் கிழிந்த சேலையை மேலே கட்டினேன். ஈரத்துக்கு அரிசி கழுவிய தண்ணீர். மண்ணை அம்மா கொண்டுவந்தாள். காலையில் சோறு போன தூக்குவாளியில் சாயங்காலம் மலையின் சருகு மண் வந்தது. சில நாள் கூடவே ஒரு மண்புழுவும்.

குளிருக்குத்தான் வழி தெரியவில்லை. யோசித்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன்.

"இதுல என்னத்தா கொண்டாரணும்?"

"மெட்டுல மஞ்சு எறங்கும்ல, அதப் பிடிச்சு மூடிக் கொண்டாங்க."

மலையில் மூடுபனியை மஞ்சு என்பார்கள். மாமா சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பாட்டிலின் உள்ளே நாலைந்து நீர்த்துளிகள் இருந்தன. "வெரசாத் தொற, கரைஞ்சிரும்," என்றார். செடியின் அடியில் திறந்து கவிழ்த்தேன். என் காலில்கூட குளிர் பட்டது. அது மெட்டு டீக்கடைத் தண்ணீராக இருக்கலாம் என்று தோன்றப் பல வருடம் ஆயிற்று.

பத்து நாள் கழித்து, மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "இது காச்சிருச்சுன்னா நீ மலைக்குப் போக வேணாம்லம்மா?"

அம்மாவின் கை நின்றது. பிறகு தூக்குவாளியைத் தட்டித் தட்டி மிச்ச மண்ணையும் உதிர்த்தாள்.

"போக வேணாம்," என்றாள்.

மறுநாளிலிருந்து இரண்டு தூக்குவாளி எடுத்துப்போனாள். அம்மாவுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாசி வரை செடி நின்றது. பங்குனியில் ஓரம் கருகி, சித்திரையில் சாய்ந்துவிட்டது. அழுது தீர்த்தேன். ஆடி மாதம் அம்மா அந்த மண்ணில் அவரை விதை ஊன்றினாள். கொடி சேலைக் குச்சிகளில் ஏறிக் கூரைவரை போயிற்று. அவரைக்காய்ப் பொரியல் அதே தூக்குவாளியில் மலையேறியது. கோபத்தில் நான் ஒரு காயையும் தொடவில்லை.

பதினெட்டு வயதில் நானும் அந்த ஜீப்பில் ஏறினேன். முதல் வாரமே, ஒரு தூரைக் காட்டி கங்காணி சொன்னார்: "மஞ்சக் கோடு விழுந்திருக்கு பாரு. இது நோவு. பிடுங்கித் தள்ளிப் போடு, எங்க கொண்டுபோய் வச்சாலும் காய்க்காது."

மாமாவுக்கு ஜீப்பு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு இலை தெரியும். புரட்டிப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது தூக்குவாளியை அவள் எடுத்தது அதற்குப் பிறகு.